கத்தரிக்கோலைக் கும்பிட்ட மூன்று வருடம்

நெடுங்கேணிச் சந்தையில் ஒரு தையல் கடையில் மூன்று வருடம் தொழில் பழகினேன். வெட்டத் தைக்க எல்லாம் அங்கேதான் படித்தீர்களா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அங்கே படித்தது கும்பிட. வெட்டுவதைக் குப்பையில் பொறுக்கினேன்.

எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடிபட்டு வன்னிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. என் புருஷன் ஊரார் வயலில் கூலி வேலை செய்தார். நான் இரண்டு வருடம் கச்சான், அதாவது நிலக்கடலை, பிடுங்கினேன். முதுகு முறிகிற வேலை. தையல் பழகினால் நிழலில் இருந்து பிழைக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பழகி முடித்தவளுக்கு மாஸ்டர் விஜயதசமியன்று தன் கையால் ஒரு கத்தரிக்கோல் கொடுப்பார். அதை வாங்காதவளிடம் ஒருத்தரும் துணி கொடுக்கமாட்டார்கள். "கத்தரிக்கோல் வாங்கியாச்சோ?" என்பதுதான் முதல் கேள்வி. ஆகவே எனக்கு அது வேண்டும். கிடைக்காவிட்டால் திரும்பவும் கச்சான் தோட்டம்தான்.

மாஸ்டருக்கு ஐம்பது வயதிருக்கும். நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் அளவு நாடா. அந்த நாடாவைக் கழற்றி நான் கண்டதில்லை. குளிக்கும்போதாவது கழற்றினாரோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

முதல் நாள் வெற்றிலை பாக்கோடு தட்சணை வைத்துக் காலில் விழுந்தேன். பிறகு ஒரு தேசிக்காயை, எலுமிச்சையைத்தான், கொடுத்து, அதற்குள்ளால் நூல் கோத்த ஊசியை இழுக்கச் சொன்னார். சாறு கையில் படக்கூடாதாம். பட்டால் தொழில் வராதாம். பட்டது. தொழில் வராமல் போகவில்லை; கை எரிந்தது, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைதோறும் மெசினுக்கும் பெரிய கத்தரிக்கோலுக்கும் அவர் சந்தனம், குங்குமம் வைப்பார்; பழக வந்த பெண்கள் நாங்கள் கும்பிட வேண்டும். மெசினுக்கு எண்ணெய் விடச் சொன்னால் அந்த மனிதருக்குக் காது கேட்காது. குங்குமம் மாத்திரம் தவறாது. அது உள்ளே கொட்டிக் கொட்டி நூல் சிக்கும். "சரசுவதி கோவிச்சுப்போட்டா" என்பார். சரசுவதிக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்.

பெரிய கத்தரிக்கோலை நாங்கள் தொடக்கூடாது. "இது வெறும் இரும்பில்லைப் பிள்ளை, தெய்வம். தீட்டோடை தொட்டால் கை வழங்காது, முடங்கிப்போம்" என்பார். அவர் வெட்டுவதும் ஒரு பழைய சேலைத் திரைக்குப் பின்னால்தான். முணுமுணுவென்று மந்திரம் வேறு. நான் மூன்று வருடமும் சட்டைகளுக்குத் தெறி, அதாவது பட்டன், தைத்தேன், ஓரம் மடித்தேன், கடை கூட்டினேன்.

கூட்டுகிறவளுக்கு ஒரு லாபம் இருந்தது. வெட்டி விழுந்த துண்டுகளை அவர் திரைக்கு வெளியே தள்ளிவிடுவார்; எல்லாம் என் கைக்குத்தான் வரும். அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாயில் விரித்துப் பார்ப்பேன். கழுத்திலிருந்து விழுந்த துண்டு எது, கைக்குழியிலிருந்து விழுந்தது எது என்று தெரிந்துவிட்டால், விழாமல் மிஞ்சியது என்ன உருவம் என்பதும் தெரிந்துவிடும். பழைய பேப்பரில் பிளேடால் வெட்டிப் பழகினேன். இரண்டாம் வருடம் எனக்கு நானே ஒரு சட்டை தைத்தேன். அதைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்க அவருக்கு முன்னால் இருந்தேன். மனிதர் கண்டுபிடிக்கவில்லை. திரையும் மந்திரமும் காத்த ரகசியம் அவ்வளவுதான்!

மூன்றாம் வருடம் நவராத்திரிக்குக் கொஞ்சம் முன்னால் முல்லைத்தீவிலிருந்து ஒரு அம்மா வந்தார். கடற்கரைக்காரி, வலை பின்னுகிறவர். மகளுக்கு மாதா கோயிலில் கலியாணம். வெள்ளைச் சட்டின் துணியைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்திருந்தார்.

"கொழும்பிலையிருந்து தம்பி அனுப்பினவன். இதிலை மிச்சம் வராது. கவனமா வெட்டுங்கோ."

"நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்றார் மாஸ்டர்.

வெட்டினது வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும். பூசையெல்லாம் முடித்துத் திரைக்குள் போகும்போதே பத்தேகால். அவசரம் அவசரமாக வெட்டிக்கொண்டு வெளியே வந்தார். பிற்பகல் நான் கைகளை மூட்டப்போனேன். இரண்டும் ஒரே பக்கத்துக் கை.

"மாஸ்டர், ரெண்டும் இடது கைங்க" என்றேன்.

வாங்கித் திருப்பினார். திருப்பினால் இடது கை வலது கையாகும்தான், ஆனால் சட்டினின் மினுக்கம் உள்ளே போய்விடும். மறுபடி திருப்பினார். முகத்தில் ஈயாடவில்லை. பிறகு, "ஆரோ தீட்டோடை கத்தரிக்கோலைத் தொட்டிருக்கினம்" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் அந்த அம்மா வருவதற்கு முன்னால் மாஸ்டர் என்னைத் திரைக்குப் பின்னால் கூப்பிட்டார். அங்கே நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"பிள்ளை, நீ வெட்டினதெண்டு சொல்லு. வாற விஜயதசமிக்குக் கத்தரிக்கோல் உனக்குத்தான்."

இரவெல்லாம் யோசித்தேன், மனச்சாட்சியோடு போராடினேன் என்று எழுத ஆசைதான். ஒரு மண்ணும் இல்லை. கச்சான் தோட்டம் கண்ணுக்குள் வந்தது, தலையாட்டினேன்.

அம்மா வந்து கைகளைப் பார்த்தார். என்னிடம் திரும்பி, "நீயோ வெட்டினனீ?" என்று கேட்டார்.

"ஆமாங்க. நான்தாங்க."

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "எத்தினை தரம் சொன்னனான், என்னைக் கேளாமல் கத்தரிக்கோலைத் தொடாதை எண்டு!" சினிமாவுக்குப் போயிருக்க வேண்டிய மனிதர், தவறித் தையலுக்கு வந்துவிட்டார். அந்த அம்மா கத்தவில்லை. அதுதான் எனக்கு என்னவோ போலிருந்தது. கடைசியில் கைகளுக்கு வலைத்துணி வைத்து ஒப்பேற்றினோம். நான் உடுப்பை மடித்துக் கொடுக்கும்வரை அம்மா பக்கத்திலேயே நின்றார். ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

மாஸ்டர் வாக்குத் தவறவில்லை. விஜயதசமியன்று சந்தை ஆட்களைக் கூப்பிட்டுத் தேங்காய் உடைத்தார். நான் வேட்டி சால்வை வைத்து, அந்த வெடித்த கால்களில் விழுந்தேன். மஞ்சள் நூல் சுற்றிய கத்தரிக்கோலைக் கொடுத்து, சிவப்புத் துணியில் ஒரு முழம் வெட்டச் சொன்னார். வெட்டவில்லை, துணியை மென்றது. சாணை பிடிக்கலாமா என்று கேட்டேன். "தெய்வத்துக்கு ஆரும் சாணை பிடிக்கிறதோ?" என்றார். எல்லாரும் பக்தியோடு தலையாட்டினார்கள். மூன்று வருடக் கும்பிடுக்கு ஒரு மழுங்கல் இரும்பு!

வீட்டில் ஒரு பழைய மெசினோடு உட்கார்ந்தேன். ஒருத்தரும் வரவில்லை. மாஸ்டர் தன் பெயரைக் காப்பாற்ற, கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கலியாண உடுப்புக் கதையைச் சொல்லியிருந்தார். கத்தரிக்கோல் வாங்கியவள் என்பதைவிடச் சட்டினைக் கெடுத்தவள் என்றுதான் என்னை ஊருக்குத் தெரியும். ஆறு மாதம் பொறுத்துவிட்டு, முல்லைத்தீவுக்கு பஸ் ஏறினேன். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு, சும்மாவாவது ஏதும் தைத்துக் கொடுத்து, என் கையைக் காட்டிவிட வேண்டும் என்பது எண்ணம்.

வாசலில் அம்மா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். இருக்கச் சொல்லித் தேத்தண்ணீர் தந்தார்.

"அன்னைக்கு நான் தப்பா வெட்டிப்புட்டேங்க" என்று தொடங்கினேன்.

"நீ எங்கை பிள்ளை வெட்டினனீ?" என்றார் வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே. "பெரிய கத்தரிக்கோல் பிடிச்சுப் பழகின ஆளுக்குப் பெருவிரல் அடியிலை காய்ச்சுப் போயிருக்கும். அந்தாளின்ரை கையிலை இருந்தது. நீ உடுப்பை மடிக்கேக்கை உன்ரை கையைப் பாத்தனான். ஒண்டுமில்லை."

கோப்பையைக் கீழே வைத்தேன். "தெரிஞ்சுமா பேசாம போனீங்க?"

"நீ சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

"இப்ப எனக்கு நல்லா வெட்டத் தெரியுங்க. ஒரு துணி குடுத்துப் பாருங்க."

"பிழையா வெட்டினவளெண்டால் தந்திருப்பன் பிள்ளை. பிழை ஆருக்கும் வரும். வெட்டாததை வெட்டினனெண்டு சொல்லுறவளிட்டை எதை நம்பித் துணி தாறது? தேத்தண்ணியைக் குடி, ஆறப்போகுது."

குடித்தேன். திரும்பி வருகிற பஸ்ஸில் வழக்கம்போல மாஸ்டரைத் திட்டப் பார்த்தேன். அன்றைக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.