பதாகை மூலையில் என் பெயர்

கற்பிட்டியில் பஸ்ஸில் போகும்போது, படகுச் சவாரிக் கடையொன்றின் பதாகையில் என் உச்சமுனைத் தீவுப் படத்தைக் கண்டேன். பெயர் போட்டால் யாரும் பாவிக்கலாம் என்ற நிபந்தனையோடு இணையத்தின் பொதுத் தளமொன்றில் நான் ஏற்றிய படம். இந்தக் கடைக்காரன் எங்கே பெயர் போட்டிருக்கப் போகிறான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். மச்சான் நசீரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிச் சண்டைக்குப் போனேன்.

கடைக்காரர் பதறவில்லை. "மூலையப் பாருங்க தம்பி. உங்கட பேர் கிடக்கு."

கிடந்தது, முழுப் பெயரும். நசீரும் குனிந்து வாசித்தான்.

"இது நான் எடுத்த படமெல்லோ, மச்சான்?" என்று மெல்லக் கேட்டான்.

உண்மைதான். என் ஃபோனில் அவன் எடுத்தது. ஏற்றும்போது 'என் சொந்தப் படைப்பு' என்ற கட்டத்தில் சரி போட்டவன் நான். நாளடைவில் எனக்கே அது மறந்துபோயிருந்தது.

கள்ளனைப் பிடிக்கத்தான் அன்று போனேன். அந்தக் கள்ளனைத் தன் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தவன் நசீர்.