மண்ணெண்ணெயில் ஓடிய ஜீப்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் கட்டிக் கொழும்புக்கு வந்து எனக்கு ஒரு வருடம்கூட ஆகவில்லை. கணவர் பிறந்து வளர்ந்தது கொழும்பிலேயே, கொட்டாஞ்சேனையில். நல்ல வேலை, குடிப்பழக்கம் இல்லை, சிகரெட் இல்லை என்றெல்லாம் சொல்லிக் கட்டிக்கொடுத்தவர்கள், மாப்பிள்ளைக்கு வாகனப் பைத்தியம் இருப்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டார்கள்.

ஒருநாள் இவரும், இவரோடு வேலை செய்யும் ஒரு சிங்கள நண்பரும் சேர்ந்து ஒரு ஜீப் வாங்கினார்கள். ஜீப் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பழைய இரும்புக்காரன் ஏற்றிக்கொண்டுபோக இருந்ததை வழிமறித்து மலிவாக வாங்கியது. இருக்கை இல்லை, தரையெல்லாம் துருப்பிடித்த ஓட்டை, எஞ்சினுக்குள் எலிக்கூடு. இதைத் திருத்தி, இரத்தினபுரிப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் நடக்கப்போகும் சேற்றுப் பந்தயத்தில் ஓடப்போகிறார்களாம். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ஜீப்பைக் கல்கிசையில் நண்பருடைய வீட்டு முற்றத்தில் நிறுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அங்கே போய்விடுவேன். போகாவிட்டால் கட்டிய புருஷனின் முகத்தைக் காணக் கிடைக்காது. சும்மா இருக்க அலுத்துப்போய்த் துருச் சுரண்டத் தொடங்கினேன். பஞ்சிகாவத்தைக் கடைகளில் தேடிப் பிடித்த பாகங்களும், கழித்த பஸ் ஒன்றின் இருக்கையும் வந்து சேர்ந்தன. கடைசியில் எஞ்சின் உறுமியபோது பக்கத்து வீட்டாரெல்லாம் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். நான் கைதட்டிக் குதித்தேன்.

நண்பருடைய அம்மாவுக்குத்தான் கோபம். எஞ்சின் ஒயில் சிந்திச் சிந்தி அவருடைய பூச்செடிகள் பட்டுப்போயிருந்தன. பந்தயத்தைத் தானாக ஓடி முடித்தால் ஜீப் முற்றத்தில் நிற்கலாம், கயிறு கட்டி இழுத்துவந்தால் நேரே பழைய இரும்புக்காரனிடம்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட நாளிலிருந்து இவருக்குச் சரியான நித்திரை இல்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் இல்லை.

எனக்கு வேறொரு பயமும் இருந்தது. கொழும்பில் எங்கே பார்த்தாலும் சோதனைச்சாவடி இருந்த போர்க்காலம் அது; யாழ்ப்பாணத்தார் என்றாலே சந்தேகப்படுவார்கள். இவருடைய அம்மா, என் மாமி, எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: "பிள்ளை, ஊர் எது எண்டு ஆர் கேட்டாலும் கொட்டாஞ்சேனை எண்டு சொல்லும். யாழ்ப்பாணம் எண்டு வாய் திறக்காதையும்." பஸ்ஸில்கூட நான் தமிழை மெதுவாகத்தான் கதைப்பேன்.

பந்தய நாளன்று இவர் ஜீப்பை ஓட்ட, நண்பர் பக்கத்தில் இருந்து வழி சொன்னார். நான் சோற்றுப் பார்சல்களோடு ஓடைக் கரையில் சனத்துக்குள் நின்றேன். மற்ற ஜீப்புகள் போய் வெகுநேரம் கழித்து எங்களுடையது ஆடி ஆடி வந்தது. ஓடையைத் தாண்டிக் கரையேறும்போது ஒரு கல் அடியில் இடித்தது. பெற்றோல் தாங்கி கிழிந்து, உள்ளே இருந்ததெல்லாம் சேற்றோடு போய்விட்டது.

இவர் இறங்கிவந்து தலையில் கைவைத்துக் குந்திவிட்டார். பெற்றோல் அடிக்கும் செட் எங்கேயோ தொலைவில் இருந்தது. சுற்றி நின்றவர்கள் தோட்டத்திலிருந்து நடந்து வந்த சனம். ஒருவரிடம் மட்டும் மோட்டார் சைக்கிள் இருந்தது. அவரும் வீடு போய்ச் சேரவேண்டுமே! சோடாப் போத்தலில் கொஞ்சம் தரலாம் என்றார்.

அந்தக் கொஞ்சம் எனக்குப் போதும். போரால் பெற்றோலே வராத காலத்தில் யாழ்ப்பாணத்தில் வாகனங்களை மண்ணெண்ணெயில்தான் ஓட்டினோம். என்னைப் பெற்ற ஐயாவின் பழைய காரைக் காலையில் கிளப்பிக் கொடுப்பது என் வேலை. காபரேட்டருக்குள் துளிப் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் விட்டுவிடவேண்டும். அவ்வளவுதான்.

"இஞ்சேருங்கோ, மண்ணெண்ணை கிடைச்சா ஓட்டலாம்," என்று இவர் காதுக்குள் சொன்னேன். இவர் அதைச் சிங்களத்தில் நண்பருக்கு உரக்கச் சொல்லிவிட்டார். பந்தயத்தை மேற்பார்வை செய்ய நின்ற, ஆமிச் சிப்பாய் மாதிரி ஒட்ட முடி வெட்டிய ஒருவர் கிட்ட வந்தார். இதை எங்கே பழகினீர்கள் என்று என்னிடமே கேட்டார். சனம் முழுவதும் என்னைப் பார்த்தது. கொட்டாஞ்சேனை என்று எப்படிச் சொல்வது? அங்கே யார் காருக்கு மண்ணெண்ணெய் விடுகிறார்கள்?

"யாப்பனே," என்று யாழ்ப்பாணத்தைச் சிங்களத்தில் சொல்லிவிட்டேன்.

அவர் சனத்தின் பக்கம் திரும்பி, யார் வீட்டிலாவது மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று சத்தம் போட்டுக் கேட்டார். ஒரு பெண் சட்டென்று பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். மூச்சிரைக்கத் திரும்பி வந்து, விளக்குக்கு வைத்திருந்த போத்தலை அப்படியே என் கையில் தந்தாள். "இரவைக்கு விளக்குக்கு?" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, முதலில் ஜீப்பைப் பார் என்று கையைக் காட்டினாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு வீட்டார் கொண்டுவந்தார்கள்.

மண்ணெண்ணெயை ஒரு கானில் ஊற்றி, றப்பர் குழாயைக் காபரேட்டருக்குக் கொடுத்தோம். கான் எஞ்சினைவிட உயரத்தில் இருக்கவேண்டும். அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி நான் பின்னால் ஏறி நின்றேன். இவர் சாவியைத் திருப்ப, நண்பர் பெற்றோலைத் துளித்துளியாக விட்டார். எஞ்சின் இருமியது, செத்தது, மறுபடி இருமியது. பிறகு வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு பிடித்துவிட்டது.

"காலை எடுக்காதேங்கோ! எஞ்சின் நூந்திடும்!" என்று கத்தினேன். கொழும்புக்கு வந்தபிறகு நான் தமிழில் அவ்வளவு உரக்கக் கத்தியது அன்றைக்குத்தான். நண்பர் பெரிய சத்தமாகச் சிரித்து, "நங்கி சொல்றது கேளு மச்சான்!" என்று, என்னைச் சிங்களத்தில் தங்கச்சியாக்கி, தெரிந்த தமிழில் சொன்னார். சனம் கூச்சலிட்டபடி பின்னால் ஓடிவந்தது. கை கடுத்தது, புடவையெல்லாம் சேறு. அந்தப் புகை மணம் மூக்கில் ஏற, அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஐயாவின் காருக்குள் இருப்பது போலவே இருந்தது.

கடைசியாகத்தான் போய்ச் சேர்ந்தோம். கொடிகளைக்கூடக் கழற்றத் தொடங்கியிருந்தார்கள். ஆனாலும் கயிறு இல்லாமல் முடித்தோம். நண்பருடைய அம்மா சொன்ன சொல் மாறவில்லை. அந்த ஜீப் பல வருடங்கள் அவர் முற்றத்தில் நின்று, மிச்சமிருந்த செடிகளையும் நாசமாக்கியது.

அதன்பிறகு சோதனைச்சாவடிகளில் எனக்குப் பயமே வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் இன்றைக்கும் யாராவது ஊர் கேட்டு நான் யாழ்ப்பாணம் என்று சொல்லும்போது, தன் வீட்டு விளக்குக்கு வைத்திருந்ததைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த அந்தப் பெண்ணின் முகம்தான் முதலில் கண்ணுக்குள் வருகிறது.