காரியம் முடிந்த பெயர்

1983 ஆவணியில் மணியன் திருச்செங்கோட்டு பஸ்ஸை விட்டு இறங்கித் தன் தோட்டத்து வீட்டுக்கு நடந்து வந்தபோது உச்சிவெயில். வாசலில் ஒறம்பரைச் சொந்தக்காரர்கள் இருபது பேர் நின்று கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டின் மேல் ஒரு இலையில் சோறு இருந்தது. காக்கை வரவில்லை. அவன் வந்ததையும் யாரும் பார்க்கவில்லை.

அவன் உள்ளே போனான். சுவரில் அவனுடைய போட்டோ, மாலையும் குங்குமப் பொட்டுமாக. அதன் முன்னால் தலைவாழை இலையில் அரிசிம்பருப்புச் சோறும் கச்சாயமும். மூலையில் அவன் பெண்சாதி வசந்தாமணி வெள்ளைச் சீலையில் உட்கார்ந்திருந்தாள்.

அவனுடைய அம்மா பாப்பாயிதான் முதலில் பார்த்தாள். கத்தவில்லை. அவன் முகத்தைப் பாராமல் தரையைப் பார்த்துச் சொன்னாள்:

"பசியோட வந்திருக்குது. ஒக்காந்து சோறு உங்கச் சொல்லுங்க."

ஈரோட்டில் ஒரு டீ குடித்ததுதான். அவன் அந்த இலையிலேயே உட்கார்ந்து உண்டான். பாதிச் சோறு உள்ளே போனபோது கூரையில் காக்கைகள் இறங்கும் சத்தம் கேட்டது.

நடந்தது இதுதான். மணியன் ரிக் லாரியில் போர்க்கிணறு போடப் போனவன். மத்தியப் பிரதேசத்தில் டிரைவரோடு வாய்த்தகராறாகி, பையைக்கூட எடுக்காமல் வழியிலேயே இறங்கிவிட்டான். அவன் இடத்துக்கு டிரைவர் வேறு யாரையோ ஏற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஆற்றுப்பாலத்தில் லாரி கவிழ்ந்தது. இரண்டு நாள் கழித்து ஒதுங்கிய உடம்பின் தோளில் மணியனுடைய பை இருந்தது. அண்ணன் வேலுமணி போய்ப் பார்த்தார். முகம் முகமாக இல்லை. அங்கேயே எரித்து, சாம்பலைக் கொண்டுவந்து காவேரியில் விட்டார். நாக்பூரில் மரம் அறுத்துக்கொண்டிருந்த மணியனுக்கு எதுவும் தெரியாது. கிணற்றுத் தண்ணீர்ப் பங்குச் சண்டையில் அண்ணன் மேலிருந்த கோபத்தால் அவன் ஒரு கடிதாசிகூடப் போடவில்லை. அவன் ஊர் வந்து சேர்ந்தது பதினோராம் மாதத் திவசத்தன்று.

வழியில் இறங்கியதையும் நாக்பூரில் இருந்ததையும் அவன் எல்லாருக்கும் சொன்னான். எல்லாரும் நம்பினார்கள். ஆனாலும் யாரும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. சவரக்கடைக்காரர் அவன் முகம் கண்ணாடியில் விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கத்தியை எடுத்தார். ரேஷன் கார்டில் அவன் பேர் மேல் சிவப்புக் கோடு. தாலுகா ஆபீஸ் குமாஸ்தா மரியாதையாகத்தான் சொன்னார்: "மணியன் எறந்ததுக்குச் சர்டிபிகேட் இருக்குதுங்க. நீங்க யாருன்னு எழுதறது?"

வசந்தாமணி அவனுக்குச் சோறு போட்டாள். துணி துவைத்தாள். பக்கத்தில் வரவில்லை. அம்மா அவனை 'சாமி' என்றுதான் கூப்பிட்டாள். குழந்தையையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். படையல் வாங்குகிறவர்களையும் அப்படித்தான். தன்னை எந்தக் கணக்கில் கூப்பிடுகிறாள் என்று அவனுக்கு விளங்கவில்லை. ஒரு மாதத்தில், பம்புசெட் தொட்டியில் குளிக்கும்போது தன் கையைத் தானே கிள்ளிப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது.

கல்யாணச் சீர் செய்யும் அருமைக்காரர் சின்னுசாமியை வேலுமணி கூட்டிவந்தார். அவர் சொன்னார்: "அந்தப் பேருக்குக் காரியம் முடிஞ்சு போச்சுங்க. அதைத் திரும்பக் கூப்புடக்கூடாது. பொறந்துதான் வரோணும்."

மணியன் பேப்பர் படிக்கிறவன், பத்தாவது வரை போனவன். முன்னே என்றால் சிரித்திருப்பான். "சரிங்க" என்றான்.

வசந்தாமணியையும் கேட்டார்கள். அவள் நிதானமாகச் சொன்னாள்: "அவரு செத்துட்டாருங்க. பதினோரு மாசம் அழுது முடிச்சுட்டேன். இவரு பொறந்து வரட்டும். புதுசாப் பாத்துப் புடிச்சாக் கட்டிக்கறேன்."

வளர்பிறையில் ஒரு காலை, பெரிய செப்பு அண்டாவில் மஞ்சள் தண்ணீர் நிரப்பினார்கள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, விரல்களை மடக்கிக்கொண்டு அவன் உள்ளே உட்கார்ந்தான். மேலே அம்மாவின் பழைய சீலையைப் போர்த்தினார்கள். பேசக்கூடாது. வெளியே பெண்கள் குலவையிட்டார்கள். பிறகு அதுவும் கேட்கவில்லை. தன் மூச்சு மட்டும் கேட்டது. கொஞ்சநேரத்தில் மூச்சு இரண்டாகக் கேட்டது. அவன் தன் மூச்சை அடக்கினான். மற்றது நிற்கவில்லை. முதுகோடு ஒட்டி, ஈரத்துணிக்குள் இழுப்பதுபோல் மெதுவாக.

சீலையை விலக்கியதும் அவன் அழுதான். அழவேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் இது சொல்லி வந்த அழுகை இல்லை. அம்மா நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைத்து, காதில் மூன்று தரம் "பொன்னன்" என்றாள். அன்றைக்குத்தான் அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

தை மாதம் வசந்தாமணி சிவப்புச் சீலை கட்டிப் பொன்னனுக்குக் கழுத்தை நீட்டினாள். ரேஷன் கார்டில் பொன்னன் ஏறினான். அப்புறம் ரிக் பக்கம் போகவில்லை. பள்ளிபாளையத்தில் ஒரு தறிக்கூடத்தில் மேஸ்திரியானான். ஒரு பெண் குழந்தை பிறந்தது. நன்றாகத்தான் இருந்தார்கள்.

ஒன்று மட்டும் அவனை விடவில்லை. அந்த ஆற்றில் ஒதுங்கியவன் யார்? டிரைவரும் லாரியில் இருந்த மற்றவர்களும் செத்துவிட்டதால் கேட்க ஆளில்லை. அவனுக்கும் எங்கோ ஒரு அம்மா வழி பார்த்துக்கொண்டிருப்பாள். அவனுக்கென்று மிஞ்சியது மணியன் என்ற பேர் ஒன்றுதான்.

1987 ஆடி அமாவாசையன்று பொன்னன் காவேரிப் படித்துறையில் எள்ளும் தண்ணீரும் விட உட்கார்ந்தான். ஐயர் கேட்டார்: "பேரு?"

"மணியன்."

"என்ன உறவு?"

அவன் யோசித்தான். "கூடப் பொறந்தவருங்க."

ஐயர் உரக்க அந்தப் பேரைச் சொன்னார். பொன்னனின் முதுகுக்குப் பின்னால், ஒரு கையெட்டும் தூரத்தில், கூப்பிட்டதற்குப் பதில்போல யாரோ "ஏனுங்க" என்றார்கள். படித்துறை நிறையக் கூட்டம். மணியன் என்ற பேர் இந்தப் பக்கம் எத்தனையோ பேருக்கு உண்டு. அவன் குனிந்தபடியே தண்ணீரை விட்டு முடித்தான்.

இரண்டு நாள் கழித்து வசந்தாமணியிடம் சொன்னான். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"திரும்பிப் பாத்தீங்களா?"

"இல்ல."

"அடுத்த வருசமும் போங்க," என்று சொல்லிவிட்டு அவள் துணியை உதறினாள்.