அண்ணாச்சி குறித்துவிட்டுப் போன பிழை

செவ்வாய்க்கிழமை காலை, அச்சகத்தில் கம்பாசிட்டரான நான் காலண்டருக்கு எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். பால்வண்ணம் அண்ணாச்சி தவறிவிட்டார் என்று பைண்டிங் ஆள் வந்து சொன்னார். கையிலிருந்த வரியை மூன்று முறை கோத்தும் சரியாக வரவில்லை. அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அண்ணாச்சியை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். எங்கள் அச்சகத்தில் புரூப் பார்த்து, பிழைக்குக் குறி போட்டுத் தந்தார். இதே இதழில் மாதம் ஒரு துப்பறியும் கதை எழுதினார். அவருடைய துப்பறியும் கோமதிநாயகத்துக்குத் துப்பாக்கி கிடையாது, மாறுவேடம் கிடையாது. நடந்ததை வேண்டுமென்றே பிழையோடு சொல்வார். எவன் திருத்துகிறானோ, அவன் அங்கே இருந்தவன். "பொய் சொல்ல எல்லாவனும் பழகிருவாம்லே. தப்பக் கேட்டுட்டுச் சும்மா இருக்கத்தான் ஒருத்தனாலயும் முடியாது" என்பார். புரூப் மேசையில் உட்கார்ந்தபடியே மனிதர் கொலைகாரனைப் பிடிக்கிறார் என்று கேலி செய்வோம்.

நயா பைசா வந்த வருஷம் ஐப்பசியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் சரக்குக் கிட்டங்கி எரிந்தது. காவல்காரர் சுடலை உள்ளேயே இறந்தார். போலீசுக்கு ஒரு துப்பும் கிடைக்கவில்லை. சுடலை பீடி குடித்திருப்பார் என்று ஊரே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

அவர் மனைவி பேச்சியம்மாள் அச்சகத்துக்கு வந்தார்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரர் பீடியத் தொட்டதில்ல. கம்பெனி ஒண்ணும் குடுக்காட்டியும் போகுது. எம் பிள்ளைகளக் கிட்டங்கியக் கொளுத்தினவன் மக்கன்னு சொல்றாக. கதையில கண்டுபிடிக்கீகளே, இதையும் கண்டுபிடிங்க."

அண்ணாச்சி சிரிக்கவில்லை. ஒரு மாதம் டீக்கடை டீக்கடையாக, கிட்டங்கி எரிந்த அன்று மாலை நடந்ததைப் பிழையோடு சொல்லித் திரிந்தார். ஒருவரும் திருத்தவில்லை. ஒரு மதியம் நாங்கள் சாப்பிடும்போது, "மழைக்குச் சுடலை வடக்கு வாசல்ல நின்னுருக்காரு" என்றார்.

"வடக்கு வாசல்ல எங்கன நிக்க? அங்கனதான் மூட்டைய அடுக்கியிருந்துச்சே. தெக்கு வாசல்லதான் நின்னாரு" என்றேன், சோற்றைப் பிசைந்துகொண்டே.

சொன்ன பிறகுதான் உறைத்தது. கூரை ஒழுகுகிறதென்று அன்று மாலைதான் சுடலை மூட்டைகளை அங்கே நகர்த்தினார். மழைக்கு ஒதுங்கிய நான் ஒரு கை கொடுத்தேன். பிறகு பீடி பற்றவைத்தேன். "வெளிய போயிக் குடிங்க" என்று அவர் அதட்டியதும், அரைகுறையாக நசுக்கிப் போட்டுவிட்டு நடந்தேன்.

அண்ணாச்சி கை கழுவப் போனார். பின்னாலேயே போனேன்.

"குறி போடுறதுதாம்லே என் வேலை. திருத்துறது கம்பாசிட்டர் வேலை" என்றார்.

அவ்வளவுதான். பேச்சியம்மாளிடம், "என்னால முடியலம்மா" என்று தோல்வியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அதன்பின் கோமதிநாயகம் கதை அவர் எழுதவே இல்லை. ஏன் என்று நீங்கள் கேட்டபோதெல்லாம், "ஆள் ரிட்டயர் ஆயிட்டாரு" என்றார். தினமும் என் புரூப்பில் குறி போட்டுத் தந்தார். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம் என்று அவர்மேலேயே கோபப்பட்ட நாட்கள் உண்டு. வெட்கங்கெட்ட கோபம்.

அவருடைய கண்ணாடியும் பேனாவும் வீட்டாரிடம் இருக்கின்றன. என்னிடம் இருப்பது, கை கழுவும் இடத்தில் அவர் சொன்ன அந்தச் சொல் மட்டும். இந்த அஞ்சலியை நானே கோத்தேன். புரூப் பார்க்க அவர் இல்லை.

பேச்சியம்மா, உங்கள் வீட்டுக்காரர் பீடி குடிக்கவில்லை. அந்தப் பீடி என்னுடையது.