அக்ஷயா கேட்ட நர்ஸ்

பொற்கொடிக்கு அன்று விடுமுறை. சூலூரில் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பிரசவ வார்டிலிருந்து போன் வந்தது. சோமனூர் அக்ஷயா வலியோடு வந்திருக்கிறாள், உங்களைத்தான் கேட்கிறாள் என்றார்கள். பாதித் துணியை வாளியிலேயே விட்டுவிட்டுக் கோயமுத்தூர் பஸ்ஸில் ஏறினாள். நிறுத்தத்துக்கு நிறுத்தம் பஸ் நிற்க நிற்க அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பண்ணை வேலைக்குப் போன தாய்தகப்பனுக்குப் பிறந்து, நர்சிங் படித்து, பல வருடமாக அந்த வார்டில் இருப்பவள். எத்தனையோ குழந்தைகளைக் கையில் ஏந்தியவள். ஆனாலும் அக்ஷயாவை அவளால் மறக்க முடிந்ததில்லை.

முந்தைய வருடம் அக்ஷயாவின் முதல் குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. பெண் குழந்தை. அதைத் தாய்க்குக் காட்டவே வேண்டாம், பார்த்தால் மனசை விட்டுப் போகாது என்றார் மாமியார் நாச்சியம்மாள். பொற்கொடி எதிர்த்துப் பேசவில்லை. அக்ஷயாவிடமே கேட்டாள்.

"பாக்கோணுமா கண்ணு? வேண்டாம்னாலும் தப்பில்லீங்க."

அக்ஷயா பார்க்க வேண்டும் என்றாள். பொற்கொடி குழந்தையை வெதுவெதுப்பான நீரில் துடைத்து, சட்டை போட்டுவிட்டு, தாயின் கையில் கொடுத்தாள். அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும் என்று தேற்ற வந்த உறவுக்காரர்களை வெளியே உட்காரவைத்தாள். அக்ஷயா அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க, பொற்கொடி பக்கத்திலேயே இருந்தாள். வீட்டுக்குக் கிளம்பும்போது, பால் கட்டி வலித்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்தாள். பிள்ளை இல்லாவிட்டாலும் பால் சுரக்கும் என்று அந்தப் பெண்ணுக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

இப்போது வார்டு வாசலில் அக்ஷயாவின் கணவன் கிருபாசங்கர், தறிக்கூடத்துப் பஞ்சு ஒட்டிய சட்டையோடு நின்றிருந்தான். நாச்சியம்மாள் ஓடிவந்து பொற்கொடியின் கையைப் பிடித்தார்.

"வந்துட்டியா அம்மணி. உம்பேரையேதான் சொல்லீட்டிருக்கறா."

பொற்கொடி உடை மாற்றிக்கொண்டு உள்ளே போனாள். அக்ஷயாவின் முகம் வெளிறியிருந்தது. அறை சத்தமில்லாமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது, அன்றைக்கும் இப்படித்தான் இருந்தது என்றாள். ஒன்றும் ஆகாது என்று பொற்கொடி சொல்லவில்லை. குழந்தையின் இதயத்துடிப்பைக் காட்டும் கருவியின் ஒலியைக் கூட்டிவைத்தாள். குதிரை ஓடுவதுபோல் அறையெங்கும் துடிப்பு கேட்டது. அக்ஷயா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"பொறந்த ஒடனே அழுகாட்டி பயந்துக்காதீங்க கண்ணு. நான் என்ன செய்யறேன்னு சொல்லீட்டே இருப்பேன்."

மதியத்துக்குமேல் ஒருமுறை துடிப்பு மந்தமானது. பொற்கொடி டாக்டர் சாஜிதா பேகத்தைக் கூப்பிட்டுக்கொண்டே அக்ஷயாவை இடப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்தாள். துடிப்பின் ஓட்டம் மறுபடி சூடுபிடித்தது. அதன்பின் எல்லாம் மளமளவென்று நடந்தது. தலை தெரிகிறது என்றாள் பொற்கொடி. தோள் வந்துவிட்டது என்றாள். குழந்தை வெளியே வந்தது, அழவில்லை. முதுகைத் துண்டால் தேய்க்கிறேன் என்றாள், கை அசைகிறது என்றாள், மூச்சு விடுகிறாள் என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அறையே அதிர வீறிட்டது குழந்தை.

அக்ஷயா சிரித்தாள், அப்படியே அழுதாள். அழாதே என்று யாரும் சொல்லிவிடாதபடி பொற்கொடி அவள் தலைமாட்டில் நின்றுகொண்டாள்.

உள்ளே வந்த நாச்சியம்மாளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. போன பேத்தியே திரும்பி வந்துவிட்டாள் என்றார்.

"இல்லீங்கத்தே," என்றாள் அக்ஷயா. "அவ மூத்தவ. இது ரெண்டாவது."

நாச்சியம்மாள் கட்டிலருகே வந்தார். மருமகளின் நெற்றியை முந்தானையால் துடைத்தார்.

"ஆமா கண்ணு. ரெண்டாவது பேத்திதான்."

வெளியே கிருபாசங்கர் சோமனூருக்கே கேட்கும்படி போனில் கத்திக்கொண்டிருந்தான். விடுமுறையில் வந்தவர் வீட்டுக்குக் கிளம்பலாமே என்றார் டாக்டர். குழந்தை பால் குடிக்கட்டும், போகிறேன் என்றாள் பொற்கொடி. குழந்தை சப்புக்கொட்டிக் குடித்துத் தூங்கியது. அடுத்த முறை பாலுக்கு அழுதபோதும் பொற்கொடி அங்கேயேதான் இருந்தாள்.