மூடிக் கட்டிய பூக்கோவா

கெலிஓயாவில் எங்கள் வீடும் கொழுந்தன் வீடும் ஒரே காணியில் இருக்கின்றன. நடுவில் கம்பி வேலி. இந்தப் பக்கம் என்னுடைய பூக்கோவா, காலிஃபிளவர் என்பார்களே, அதுதான்; அந்தப் பக்கம் கொழுந்தன் மனைவியுடையது. நாற்று இரண்டு பேருக்கும் பிலிமத்தலாவையில் ஒரே கடையில்தான் வாங்கியது. மாட்டெருவும் ஒரே சாக்குதான். ஆனால் அவளுடைய இலைகள் யானைக் காது மாதிரி விரிந்தபோது, என்னுடையவற்றில் பாதியைப் புழு தின்றிருந்தது. காலையில் பல் விளக்கும்போதே என் கண் வேலியைத் தாண்டிப் போய்விடும்.

பொங்கலுக்கு மடுல்கெல்லவிலிருந்து நாத்தனார் குடும்பம் வரும். அன்று மத்தியானம் பூக்கோவா பிரட்டல், நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே என் கைவேலை. இந்த முறை மாமியார், "ரெண்டு பேரும் நட்டிருக்கீங்களே, யாரோடது நல்லா வருதோ அவளே சமைக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். சும்மாதான் சொன்னார். எனக்கு அது சும்மா இல்லை. மூத்த மருமகளுக்கென்று இருக்கிற ஒரே பெருமை ஒரு சட்டி பிரட்டல். அதுவும் போனால்?

பூ வைத்தது. ஒரு மாலை வேலியோரம் நின்று, "ஏன்டி, சோத்துத் தட்டு அளவுக்கு வந்திருச்சே" என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன். விடிந்து பார்த்தால், அந்தந்தச் செடியின் இலைகளையே மேலே இழுத்து, வாழை நாரால் கட்டி, எல்லாப் பூவையும் மூடியிருந்தாள். என் கண்ணுக்குப் பயந்துதானே? எட்டாம் வகுப்போடு நின்றவள்தான் நான், இதுகூடவா புரியாது?

அவள் கண் மட்டும் நல்ல கண்ணா? ஓட்டைச் சட்டி ஒன்றில் கரி பூசி, சுண்ணாம்புப் புள்ளி வைத்து, பல்லிளிக்கும் வாய் வரைந்து, அவள் நின்று சமைக்கிற குசினி ஜன்னலைப் பார்க்கிற மாதிரி என் பாத்தியில் கம்பு நட்டுக் கவிழ்த்தேன். பூக்களைத் திறந்தே விட்டேன். பார்த்துக்கொள்ளட்டும்.

பொங்கலுக்கு முதல் நாள் வெட்டினோம். என்னுடையவை சுருட்டுப் பிடிக்கிறவர் பல் மாதிரி மஞ்சளாகி, இடைவெளி விட்டுக் கிடந்தன. அவள் முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே பால் வெள்ளை.

"என்னக்கா, நீங்க எலைய மூடிக் கட்டலையா?"

"எதுக்கு? நான் யாரு கண்ணுக்கும் பயப்படுற ஆளில்ல."

"கண்ணா?" அவள் என் சட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஐயோ அக்கா, அது வெயிலுக்கு! வெயில் பட்டா பூ மஞ்சளாயிரும்."

மறுநாள் இலையில் சோறு விழும் முன்பே கதை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நாத்தனாருக்குச் சிரித்துப் புரையேறியது. மாமியார், "அந்தச் சட்டிய எனக்குக் குடு. ரெண்டு மருமக வச்சிருக்கேன், எனக்குத்தான் தேவைப்படும்" என்றார். நானும் சிரித்தேன்.

பிரட்டல் அவளுடையது. ஒரு புழுவாவது இருக்காதா என்று ஒவ்வொரு துண்டாக விலக்கிப் பார்த்தேன். இல்லை. நாத்தனார் இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டார்.

என்னுடையதை அடுத்த நாள் எங்கள் வீட்டுக்கு மட்டும் சமைத்தேன். நிறம் தெரியக் கூடாதென்று மஞ்சள் தூளை அள்ளிப் போட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு வாய் சாப்பிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"இதுவும் நல்லாத்தான் இருக்கு."

இதுவும். அந்த 'உம்' இன்னும் தொண்டையில் நிற்கிறது.