அதாவது நீங்க சொல்றது என்னன்னா

என் அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் குரல் வித்தை என்னுடையது. பால்காரர், பஸ் கண்டக்டர், மூக்கால் பேசும் சித்தப்பா என்று யாரைக் கேட்டாலும் என் தொண்டையில் தயாராக இருப்பார்கள். நான் ஆரம்பித்தால் சொந்தக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அக்கா மட்டும் ஒரு மூலையில் பென்சிலும் கையுமாக ஏதோ ஒரு கவிதைக்குக் கோடு போட்டுக்கொண்டிருப்பாள். பல்கலைக்கழகத்தில் இங்கிலீஷ் எம்.ஏ.

"இங்கிலீஷா? எங்க, கொஞ்சம் பேசு பாக்கலாம்" என்பார் சித்தப்பா, குழாயைத் திறந்துவிடச் சொல்வதுபோல.

"அங்க பேசறதை விடக் கவனிக்கறதுதான் அதிகம் சித்தப்பா."

"கவனிக்கறதுக்கு எதுக்குடி காலேஜு? காதுதான் ரெண்டு இருக்கே!"

அந்த மூக்குக் குரலை நான் அங்கேயே திருப்பிச் செய்து காட்டுவேன். அம்மா உட்பட அத்தனை பேரும் என் பக்கம்.

அவளுடைய பேராசிரியை வகுப்பில் ஒரு விதி வைத்திருந்தாராம். ஒருவர் சொன்னதை மறுக்க வேண்டுமென்றால், முதலில் அதை நம் வாயால் சொல்ல வேண்டும். சொன்னவரே "ஆமா, அதேதான்" என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் மறுக்கலாம். அக்கா இதை வீட்டில் என்மேல் பழகினாள். துண்டைக் காணோம் என்று கத்தினால்கூட, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "அதாவது நீ சொல்றது என்னன்னா..." என்று ஆரம்பிப்பாள். அதையும் என் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன். கைத்தட்டல் பிரமாதம்.

அம்மா தையல்காரி. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் தரைத்தளத்தில் குடியிருந்தோம். வீட்டுக்குள் மெஷினை வைத்தால் கதவு திறக்காது. அதனால் மெஷின், இஸ்திரி மேஜை, துணி மூட்டை எல்லாம் மாடிப்படிக்குக் கீழே. ஒருநாள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் அதைக் காலி செய்யச் சொன்னார். கூட்டத்தில் முடிவெடுப்பதாகப் பேச்சு. மெஷின் போனால் அம்மாவின் தொழிலே போச்சு.

செயலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் குக்கர். மூன்று முறை தொண்டையைச் செருமாமல் பேச்சு வராது. கூட்டத்தன்றும் மூன்று விசில் அடித்துவிட்டு ஆரம்பித்தார்.

"விதின்னா எல்லாருக்கும் விதிதான். படி பொதுச்சொத்து. நாளைக்கு ஒரு தீ விபத்துன்னா தூக்கிட்டு இறங்க வழி வேணுமா, வேணாமா? யாரு பதில் சொல்றது?"

அம்மா புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். நான் எழுந்தேன். மூன்று விசில் அடித்தேன். "விதின்னா எல்லாருக்கும் விதிதான்... தூக்கிட்டு இறங்க வழி வேணுமா, வேணாமா?" ஒரு எழுத்து பிசகவில்லை. கூடமே குலுங்கியது. குக்கரின் முகம் மட்டும் கறுத்தது.

"சிரிச்சாச்சா? சரி. காலி பண்ணணும்கிறவங்க கை தூக்குங்க."

சிரித்தவர்களே ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினார்கள்.

"ஒரு நிமிஷம் சார்" என்றாள் அக்கா. கண்ணாடியை ஏற்றினாள். "அதாவது நீங்க சொல்றது என்னன்னா, உங்களுக்கு மெஷின்மேல கோபம் இல்ல. தீப்பிடிச்சா மத்தவங்க ஓடி இறங்கிடுவாங்க. நீங்க ஒருத்தரைத் தூக்கிட்டு இறங்கணும். மூட்டை தடுக்கிச்சுன்னா ரெண்டு பேரும் விழுவீங்க. சரியா சார்?"

மூன்றாவது மாடியில் அவர் மனைவி பக்கவாதத்தில் படுத்திருப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அம்மாதான் அந்த அம்மாவுக்கு படுத்தபடியே மாட்டிவிடத் தோதான ரவிக்கை தைத்துக் கொடுப்பாள்.

குக்கர் செருமவே இல்லை. "ஆமாம்மா" என்றார். "அதேதான்."

"அப்போ வழிதான் வேணும். மெஷினைச் சுவரோட ஒட்டிப் போட்டு, மூட்டையும் மேஜையும் வேற எங்கயாவது போனா?"

"பழைய மோட்டார் ரூம் சும்மாத்தானே கிடக்கு" என்றார் அவரே. "சாவி எங்கிட்ட இருக்கு." தூக்கிய கைகள் எல்லாம் தலையைச் சொறிவதுபோல இறங்கின.

எனக்கு எங்கே வலித்தது என்றால், 'தூக்கிட்டு' என்ற அந்த வார்த்தை என் வாயிலிருந்தும்தான் வந்தது. அதே ஏற்ற இறக்கத்தோடு, அவரைவிடத் தெளிவாக. நான் அதைச் சிரிப்புக்கு விற்றேன். அவள் அதை எடுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாள். இத்தனைக்கும் அன்று ஒரு இங்கிலீஷ் வாக்கியம்கூடப் பேசவில்லை!

"நீ செஞ்சதும் நல்லாத்தான்டா இருந்துச்சு" என்றாள் அம்மா, வீட்டுக்கு வந்ததும். துக்கம் விசாரிப்பதுபோல இருந்தது. குக்கர் மூட்டைகளைத் தானே தூக்கி வைத்துவிட்டு, "அடுத்த மீட்டிங்குக்கும் நீ வரணும்மா" என்று அக்காவிடம் சொன்னார். என்னைப் பார்த்து, "தம்பி, நீ வீட்டைப் பாத்துக்கோ."

இப்போது அக்கா ஒரு கம்பெனியில் புகார்களுக்குப் பதில் எழுதுகிறாள். கத்திக்கொண்டு வருகிறவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்களாம். சித்தப்பா என்னை எதுவும் செய்து காட்டச் சொல்வதில்லை. வந்ததும் வராததுமாக, "அவ எங்க? ஒரு விஷயம் கேக்கணும்" என்கிறார், அதே மூக்கால்.

நேற்று கண்ணாடி முன்னால் நின்று அவளைச் செய்து பார்த்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றுவது வந்தது. "அதாவது நீங்க சொல்றது என்னன்னா..." அச்சு அசலாக வந்தது. அதற்கப்புறம் என்ன சொல்வது? வாய் திறந்தபடி நின்றேன்.

மெஷினிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னடா, பல்வலியா?"